பதின்வயதுப் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பு: ஆறு மாதம் பார்த்த பிறகு

என் மகனுக்கு 13 வயது. யாராவது கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லுவான், ஆனால் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்றாவது வரியிலேயே களைத்துப்போவான். அதனால்தான் 12 முதல் 16 வயதுக்காரர்களுக்கு இணையவழியில் நடக்கும் ஒரு வாசிப்பு வகுப்பில் சேர்த்தோம்.

எடுத்த எடுப்பில் பாடம் நடத்தாதது முதலில் பிடித்தது. ஒரு பகுதியை அவனையே வாசிக்க வைத்துக் கேள்வி கேட்டார்கள், அதே அளவு கடினமான இன்னொன்றை ஆசிரியர் வாசித்துக் காட்டிக் கேட்டார். ஆசிரியர் வாசித்துக் காட்டியதில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான், தானே வாசித்ததில் திணறினான். அப்போ சிக்கல் புரிதலில் இல்லை. 1986-இல் காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு இதுதானாம்: எழுத்தைப் படித்தறியும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். அதுவரை அவனைக் கவனமில்லாதவன் என்று திட்டியதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

247 எழுத்தும் அவனுக்குத் தெரியும். மாட்டிக்கொள்வதெல்லாம் நீளமான சொற்களில்தான். 'செயல்படுத்தப்பட்டிருக்கிறது' என்று ஒரு சொல் வந்தால் முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துவிடுவான். இங்கே செயல், படுத்த, பட்டு, இருக்கிறது என்று உடைத்து வாசிக்கப் பழக்கினார்கள், அப்புறம் சேர்த்து வாசிக்க வைத்தார்கள், ஒரே பகுதியை நாலு நாள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பகுதிகளும் எரிமலை, பேட்டரி வேலை செய்யும் விதம் என்று அவன் வயதுக்கு ஏற்றவை. இதற்கு முன்னால் போன ஓர் இடத்தில் மழலையர் படப் புத்தகத்தைக் கொடுத்தார்கள், அன்றைக்கு மூடியவன் மறுபடி அங்கே போகவே இல்லை. பெரிய பிள்ளைக்கு எளிய வாக்கியம் தரலாம், குழந்தைத்தனமான விஷயத்தைத் தரக்கூடாது.

வாரம் ஒருநாள் நாலு பேர் குழுவாக உட்கார்ந்து ஒரே கட்டுரையை வாசிப்பார்கள். ஒருவர் சுருக்கிச் சொல்ல, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் புரியாத இடத்தை விளக்க, ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும், வேலை முறைமாறி வரும். 1984-இல் பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய முறை. என் மகன் வாய்திறந்து பேச ஆரம்பித்தது இதில்தான்.

குறைகளும் உண்டு. அவர்களுடைய செயலி நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கணக்குப் போட்டு, யார் முதலிடம் என்று பட்டியல் காட்டுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து சொல்லின் கடைசியை விழுங்கி ஓட ஆரம்பித்தான், 'வந்தான்' 'வந்தாள்' எல்லாம் ஒன்றாகிவிட்டது. ஆசிரியரிடம் சொன்னதும் அவனுக்கு மட்டும் பட்டியலை மறைத்தார்கள். சரி, மற்ற பிள்ளைகளுக்கு? எழுத்துப் பயிற்சி ரொம்பக் குறைவு, கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு நின்றுவிடுகிறது.

சரளமாக வாசித்தும் பொருள் புரியாத பிள்ளை என்றால் இந்த வகுப்பு போதாது, சொல்வளத்துக்கு இங்கே தனியாக எதுவும் இல்லை. சேர்க்கும் முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். நாங்கள் அடுத்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துவிட்டோம். எழுதுவதற்கு மட்டும் தினமும் இரவு ஐந்து வரி, வீட்டிலேயே, அவன் அன்றைக்கு வாசித்ததைப் பற்றி.