குஸ்மேனியா: புதுச்சேரி மாடியில் மூன்று வருட வளர்ப்பு

நர்சரியில் சிவப்பாக நிற்கும் குஸ்மேனியா லிங்குலேட்டாவைத் தூக்கி வருமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அந்தச் செடி தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. சிவப்பு, பூ அல்ல, பூவடி இலை. உள்ளே எட்டிப் பார்க்கும் சின்ன வெள்ளைப் பூக்கள்தான் நிஜப் பூ. அவை சீக்கிரம் வாடிவிடும். சிவப்பு மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும். பிறகு, குலை தள்ளிய வாழை மாதிரி, தாய்ச்செடி மெல்லக் காய்ந்து பக்கக்கன்று கிளம்பும். மூன்றாம் வருடம் தொட்டியில் இருப்பது வாங்கிய செடியில்லை, அதன் பேத்தி.

கடலோரத்தில் இதைக் கொல்வது வெயிலைவிடத் தண்ணீர்தான். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் மரக்கிளையில் தொற்றி வளரும் இனம் இது. வேர் முக்கியமாகப் பிடிமானத்துக்கு. குடிப்பது பெரும்பாலும் இலைகள் சேரும் நடுக்கிண்ணத்தில். அதில் உப்பான போர்வெல் தண்ணீரை ஊற்றினால், நீர்மட்டம் நின்ற இடத்தில் வெள்ளை வளையம் படியும், விரலுக்கு நறநறக்கும். அடுத்து இலை நுனி பழுப்பாகும். பூஞ்சை என்று நினைத்துக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்தை அடித்தால் கதை முடிந்தது. குஸ்மேனியா சேர்ந்த ப்ரொமிலியாட் குடும்பத்துக்குச் செம்பு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து ஊற்றலாம், இல்லாவிட்டால் ஆர்.ஓ. நல்ல தண்ணீர். மெஷினின் கழிவுக் குழாயில் வருவது வேண்டாம், அது போர்வெல் தண்ணீரைவிட உப்பு.

கிண்ணத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீர் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் கொட்டிப் புதிதாக ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

நர்சரியில் வந்த கோகோபீட்டிலேயே (தென்னை நார்த்தூள்) விட்டால் அடைமழையில் அடி அழுகும். நடு இலையை லேசாக இழுத்தால் கையோடு வரும், நாற்றமும் அடிக்கும். அதன் பிறகு தாயைக் காப்பாற்ற முடியாது. அதனால் வாங்கியதும் மாற்றி நட வேண்டும்: தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு, ஐந்து அங்குலத் தொட்டி. மட்டையிலும் உப்பு உண்டு. இரண்டு நாள் ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். 75 சதவீத நிழல்வலை போதும். தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை, மட்டையில் மட்டும். கிண்ணத்தில் ஊற்றினால் பாசி பிடிக்கும்.

கன்றைப் பிரிப்பதில்தான் அவசரம் கெடுக்கும். தாயின் உயரத்தில் பாதிக்கு வந்து, அடி கெட்டியான பிறகே சுத்தமான கத்தியால் அறுக்க வேண்டும். சின்னதாக எடுத்தவை அநேகமாக அழுகும்.

முழு வளர்ச்சிக்கு வந்தும் பூக்காத கன்றின் கிண்ணத்தை வடித்து, பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி நிழலில் பத்து நாள் வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும்; இதே குடும்பத்து அன்னாசிக்குத் தோட்டங்களில் எத்திலீன் விடும் எத்திபான் மருந்தைத் தெளிப்பதும் இதற்காகத்தான். சிவப்பு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வெயிலில் வைத்துக் கட்டினால் செடி கவருக்குள்ளேயே வெந்துவிடும்.