கேலக்ஸியா, ருஸ்லானா: இரண்டு ராட்சத ராணுவ சரக்கு விமானங்கள்

மூக்கு மேலே தூக்கித் திறக்கும், வால்பக்கமும் திறக்கும், நான்கு எஞ்சின், உடலுக்கு மேலே இறக்கை. பார்வைக்கு அமெரிக்காவின் சி-5 கேலக்ஸியும் சோவியத்தின் ஏஎன்-124 ருஸ்லானும் அண்ணன் தம்பிதான். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கே வேறு.

லாக்ஹீட் கட்டிய கேலக்ஸி 1968 ஜூன் 30-ல் முதலில் பறந்தது. கீவில் அன்டோனோவ் உருவாக்கிய ருஸ்லான் 1982 டிசம்பரில். முதலில் வந்ததற்கான விலையை கேலக்ஸி இறக்கையில் கொடுத்தது. ஒப்பந்தத்தில் சொன்ன எடைக்குள் அடக்க இறக்கையில் உலோகத்தைக் குறைத்தார்கள். 30,000 மணிநேரம் உழைக்க வேண்டிய அமைப்பு சோதனையிலேயே விரிசல் விட்டது. சுமை 100 டன்னிலிருந்து 86 டன்னாக இறங்கியது. 1980 வாக்கில் அமைதிக்காலச் சாதாரணச் சரக்குக்கு 23 டன் வரைகூடக் குறைத்தார்கள். கடைசியில் சி-5ஏ என்ற முதல் வகை விமானங்களுக்கு இறக்கையையே புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் நடுவில், 1973 அரபு-இஸ்ரேல் போரின்போது இஸ்ரேலுக்கு 145 நடை சரக்கு கொண்டுபோனது இதே விமானம்தான். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அடுத்தது கதவு. கேலக்ஸியின் சரக்கறைக்குள் பயணிகள் அறையைப் போலவே முழு அளவில் காற்றழுத்தம் ஏற்றப்பட்டிருக்கும். 1975 ஏப்ரல் 4-ல் வியட்நாமின் சைகோனிலிருந்து கிளம்பிய விமானத்தில் பின்கதவுப் பூட்டுகள் விட்டுப்போய், உள்ளழுத்தம் கதவைப் பிய்த்தது. வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் ஹைட்ராலிக் குழாய்களும் அறுந்தன. 138 பேர் இறந்தார்கள். ருஸ்லானின் சரக்கறையில் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் சுமார் 25 கிலோபாஸ்கல்தான், அதாவது தரைமட்டக் காற்றழுத்தத்தில் கால்பங்கு. கதவுக்கும் உடலுக்கும் பாரம் குறைவு, உலோகக் களைப்பும் குறைவு. ஆனால் உயரத்தில் பறக்கும்போது அந்த அறையில் ஆட்களை ஏற்றிப்போக முடியாது. மேல்தட்டில்தான் உட்கார வேண்டும். வீரர்களையும் வண்டிகளையும் சேர்த்து அனுப்பும் படைக்கு இது பெரிய குறை.

ஏற்றி இறக்குவதில் ருஸ்லானுக்கே என் ஓட்டு. கூரையில் ஓடும் கிரேன்கள் 20 டன் வரை தூக்கும். தரையில் கருவி இல்லாத நிலையத்திலும் வேலை நடக்கும். சரக்கறை 6.4 மீட்டர் அகலம், கேலக்ஸியுடையது 5.8. ருஸ்லான் முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தாழ்த்தும். கேலக்ஸி எல்லாச் சக்கரங்களையும் தாழ்த்தி முழு உடலோடு மண்டியிடும். தளம் லாரி உயரத்துக்கு வந்துவிடும், ஆனால் அந்த இயங்குமுறை சிக்கலானது, பராமரிப்பு வேலை அதிகம்.

தூரம் என்றால் கேலக்ஸிதான்: பறக்கும்போதே எரிபொருள் நிரப்பலாம், ருஸ்லானுக்கு அந்த வசதி இல்லை.

எஞ்சினில் இடைவெளி இன்னும் விரிந்தது. 52 கேலக்ஸிகள் 2018-க்குள் புதிய எஞ்சினோடு சி-5எம் ஆயின; உந்துவிசை 22 சதவீதம் கூடியது, ஓடுபாதை ஓட்டம் 30 சதவீதம் குறைந்தது. ருஸ்லான் இன்னும் பழைய டி-18டி எஞ்சினோடுதான் பறக்கிறது. 2020 நவம்பரில் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் அந்த எஞ்சின் ஒன்று வெடித்துச் சிதறி, சில்லுகள் மின்கம்பிகளை அறுத்ததால், தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போனது. எஞ்சின் வடிவமைத்தது உக்ரைனின் ஸபோரிஷியா. விமானங்களில் பெரும்பகுதியைக் கட்டியது ரஷ்யாவின் உல்யானோவ்ஸ்க். இன்றைய போரில் இரண்டும் எதிரெதிர் பக்கம்.