ஏற்காட்டில் இரண்டு இரவு: வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கான ஓய்வு முகாம் எப்படி?

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கென்றே ஏற்காட்டில் நடக்கும் ஒரு கிறிஸ்தவ முகாமுக்குப் போய் வந்தேன். வெள்ளி மாலை ஆரம்பம், ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். குறையும் எழுதப்போகிறேன் என்பதால் நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், தூங்க விடுகிறார்கள்.

சிரிக்காதீர்கள். சபையில் பெண்கள் கூடுகை என்றால் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. விடியற்காலை ஜெபம், அப்புறம் தியானம், வசனப் போட்டி, ராத்திரி சாட்சி நேரம் என்று உட்கார வைத்து, நடுவில் டீ போடவும் பந்தி பரிமாறவும் நம்மையே அனுப்பி, போனதைவிட அலுப்பாக வீடு திரும்புவோம். இங்கே கூட்டம் ஒரு நாளைக்கு இரண்டுதான். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டிலிருந்து மாலை டீ வரை அட்டவணையில் ஒன்றுமே இல்லை. பழக்கதோஷத்தில் தட்டு கழுவப் போன நாலைந்து பேரைச் சமையல்கார அண்ணன் வெளியே துரத்திவிட்டார்.

என் அறையில் இருந்தவர் ஒரு நர்ஸ். நைட் டூட்டி முடிந்த கையோடு சேலத்துக்கு ரயில் ஏறி, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றி வந்து சேர்ந்தவர், முதல் கூட்டத்துக்கு எழுந்திருக்கவே இல்லை. எழுப்பட்டுமா என்று கேட்டேன். பொறுப்பாளர் அக்கா, "வேண்டாம்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டு, சப்பாத்தியும் குருமாவும் ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடி, பிளாஸ்கில் சுடுதண்ணீரோடு அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். நடு ராத்திரியில் எழுந்து இருட்டிலேயே சாப்பிட்டவர், மறுபடி படுத்துவிட்டார்.

மறுநாள் காலைச் செய்தி, பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்திலிருந்து. செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் தட்டி எழுப்பியது பிரசங்கம் பண்ண இல்லை, சாப்பிடச் சொல்ல. சாப்பிட்டவன் திரும்பப் படுத்தான், இரண்டாம் தரமும் சாப்பாடுதான் வந்தது. எல்லோரும் திரும்பி அந்த நர்ஸைத் தேடினோம். அவர் அதற்கும் வரவில்லை.

செய்தி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, நல்ல நக்கல்காரர். ஓய்வுநாள் கட்டளையை வாசிக்கச் சொன்னார்: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன். "மாட்டுக்குக்கூட லீவு இருக்கு, பெண்டாட்டியைக் காணோமே? அந்த 'நீ'யிலதாம்மா நீயும் இருக்கே." ஆராதனைக்கு முன்னால் மட்டனைக் குக்கரில் ஏற்றி, பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்குக் கிளப்பி, வந்ததும் விருந்தாளிக்கு இலை போடுகிற நமக்குத்தானே ஓய்வுநாளில் ஓவர்டைம். 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கையும் சொன்னார். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்கு சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. இதைக் கேட்க வேண்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

சனி மாலை பேசியவர்தான் சொதப்பினார். நன்றாக ஓய்வெடுத்தால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் நன்றாக ஊழியம் செய்யலாமாம். அப்படியென்றால் நாங்கள் என்ன, திங்கட்கிழமைக்கு சார்ஜ் ஏற்ற வந்த போனா? மாற்கு 6-இல் சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை என்று பார்த்துத்தான் இயேசு, தனியே வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று கூப்பிடுகிறார். அதற்கு மேல் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. படகு கரை சேருவதற்குள் ஜனங்கள் முந்திக்கொண்டு அங்கே ஓடி வந்துவிட்டார்கள் என்பதுதான் எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த கதை.

மனம் விட்டுப் பேச ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். எப்போதும் களைப்பாகவே இருக்கிறது என்று அழுத ஒரு தங்கச்சிக்கு, ஜெபித்து முடித்த கையோடு, ஊருக்குப் போனதும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு முகாமிலேயே பிடித்தது இதுதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களிடம் போய் விசுவாசக் குறைவு என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

பெரிய குறை, பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாதவர்கள், தனியாக வளர்ப்பவர்கள் எல்லாம் எப்படி வருவார்கள்? நிஜமாகவே ஓய்வு தேவைப்படுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே கழிந்துவிடுகிறார்கள். இரண்டு தன்னார்வலர்களை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கட்டணம் கூட்டினாலும் பரவாயில்லை.

அறை சுத்தம், சாப்பாடு வீட்டுப் பக்குவம். வெந்நீர் காலையில் மட்டும்தான் வருகிறது, முந்திக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். போனை வாங்கி வைப்பதில்லை, ஆனால் சிக்னல் படியருகே மட்டும்தான் கிடைக்கிறது. சனி ராத்திரி அந்தப் படியில் கூட்டமோ கூட்டம், "சாம்பார் ஃபிரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல இருக்கு பாருங்க" என்று ஆளாளுக்கு ஒரு குரல்.