கடலூரில் இன்சுலேஷன் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா?

‘மூன்றே மாதத்தில் இன்சுலேட்டர், வளைகுடாவில் வேலை உறுதி’ என்று கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டியிருந்த போஸ்டரை நம்பி 45,000 ரூபாய் கட்டினேன். புகார் நடப்பதால் அந்த மையத்தின் பெயரை இங்கே போடவில்லை.

தொழிலைக் குறை சொல்ல மாட்டேன். சிப்காட்டிலும் நெய்வேலியிலும் நீராவி ஓடுகிற பைப் இருக்கும்வரை இந்த வேலைக்கு ஆள் தேவை. சூடு வெளியேறாமல் இருக்க, பைப்பில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பாயைச் சுற்றிக் கம்பி கட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்த வேண்டும். நேர் பைப்பை யாரும் பழகிவிடலாம். எல்போவுக்கு, அதாவது பைப் வளைகிற இடத்துக்கு, தகட்டைத் துண்டு துண்டாக மார்க் பண்ணி வெட்டுவதுதான் வித்தை. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

அங்கே ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு பைப். முந்தைய பேட்ச் போட்ட தகட்டையே கழற்றி மாட்டினோம். தகட்டை வளைக்கிற ரோலிங் மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், கரன்ட் பிரச்சினையாம். கிளாஸ்வூலை (கண்ணாடி இழைப் பஞ்சு) தொட கையுறையும் மாஸ்க்கும் கேட்டோம். “சைட்ல இதெல்லாம் எவன் குடுப்பான்?” என்றார் மாஸ்டர். (கொடுக்கிறார்கள். இல்லாமல் பெரிய கம்பெனிகளில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.)

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். சொல்லிக்கொடுத்த கணக்கே தப்பு. ஆறு இஞ்ச் பைப் என்றால் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று எழுதிப் போட்டார். ஆறு இஞ்ச் என்பது பெயரளவு. வெளிவிட்டம் 168 மில்லி. 50 மில்லி பாய் சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து 268, சுற்றளவு 842. அவர் கணக்கில் 250தான், சுற்றளவு 785. சென்னையில் டிரேட் டெஸ்ட்டில் (வேலைக்கு எடுக்கும் முன் வைக்கும் செய்முறைத் தேர்வு) அதோடு ஓவர்லேப்புக்கு 50 சேர்த்து 835க்கு வெட்டினேன். ஓவர்லேப் எங்கே, தகட்டின் இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளவே இல்லை. டெஸ்ட் எடுத்தவர் ஒரு பெரியவர். “தம்பி, டேப் பிடிக்கக்கூட சொல்லித் தரலையா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்போ வரைக்கும் போகவே இல்லை.

திரும்பி வந்து கேட்டால், “டெஸ்ட் இல்லாமலே அனுப்பலாம், விசா செலவு 60,000 கட்டுங்க” என்றார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. தேடினேன், இவர்கள் அதில் இல்லை. அப்புறம் ரசீதை எடுத்துப் பார்த்தால் பயிற்சிக் கட்டணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஃபீஸைத் திருப்பிக் கேட்டதும் அதைத்தான் காட்டினார்கள்: “ஆலோசனை சொல்லிட்டோமே சார்.”

எங்கே சேர்ந்தாலும் முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். நிஜமாகவே தகடு வெட்டுகிற இடத்தில் அலுமினியத் துண்டுகள் குவிந்து கிடக்கும். துடைத்து வைத்த மாதிரி ஷெட் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். அவசரம் இல்லாதவர்களுக்கு ஐடிஐயில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்று ஓராண்டுப் பிரிவு உண்டு. தகட்டு வேலைக்கு அடிப்படை அதில் கிடைக்கும். நான் இப்போது நெய்வேலியில் காண்ட்ராக்டில் இருக்கும் மாமாவிடம் ஹெல்பராகப் போகிறேன். சம்பளம் குறைவுதான். ஆனால் எல்போ வெட்டுகிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்ததற்கு மையத்திலிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே புகார் உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு போடலாம். ‘ஆலோசனைக் கட்டணம்’ ரசீது உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.