முதற்பக்கத்துக்கு எந்த ஆர்பிஜி?

ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் நாளுக்கு ஒரு சிறப்புக் கட்டுரை வரும். உள்ளே கட்டுரை எவ்வளவு நீண்டிருந்தாலும், முதற்பக்கத்தில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளில் ஒரே பத்தி, பக்கத்தில் ஒரு சின்னப் படம். கட்டற்ற உரிமம் (யாரும் எடுத்துப் பயன்படுத்தும் அனுமதி) இல்லாத படத்தை அங்கே போட முடியாது. அதனால் வீடியோ கேம் பற்றிய கட்டுரை என்றால் அதன் அட்டைப்படம், திரைக்காட்சி எதுவும் ஆகாது. அந்த கேமைக் கேள்விப்பட்டே இராத ஒருவரை அந்தப் பத்தி மட்டுமே உள்ளே இழுக்க வேண்டும்.

பழைய ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாகவே ஆடும் வகை கேம்) ஒன்றை ஏற்றலாம் என்று பேச்செடுத்தால், சூப்பர் நின்டெண்டோ என்ற கேம் கருவியின் காலத்திலிருந்து மூன்று பெயர்கள் அடிபடும்: குரோனோ டிரிகர், ஃபைனல் ஃபேன்டசி 6, எர்த்பவுண்ட். மூன்றுக்கும் ரசிகர் படை உண்டு. ஆனால் ரசிகர் கேட்பது "எது சிறந்த கேம்" என்று. இங்கே கேள்வி அதுவல்ல.

விளையாட மட்டும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் குரோனோ டிரிகர் என்பேன். ஜப்பானில் 1995 மார்ச் 11 அன்று வந்தது. ஃபைனல் ஃபேன்டசி தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியும், அதன் பெரும் போட்டியான டிராகன் குவெஸ்டைத் தந்த யூஜி ஹோரியும் இதில் கைகோத்தார்கள். பாத்திரங்களை வரைந்தவர் டிராகன் பால் என்ற படக்கதையால் புகழ்பெற்ற அகிரா தோரியாமா. ஆரம்பத் திருவிழாவில் யாரோ வைத்திருக்கும் சாப்பாட்டை எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விடலாம். பிறகு நாயகன் மீது இளவரசியைக் கடத்தியதாக வழக்கு நடக்கும்போது அந்தச் சாப்பாட்டுத் திருட்டும் சாட்சியாக வந்து நிற்கும். 1995இல் இந்தக் குறும்பு புதுசு. முடித்த கேமைச் சேர்த்த பலத்தோடு மறுபடி தொடங்கும் 'நியூ கேம் பிளஸ்' என்ற பெயரும் இதிலிருந்துதான் பரவியது.

ஆனால் இதையெல்லாம் ஒரு பத்தியில் அடுக்கிப் பாருங்கள், பாராட்டுப் பத்திரம் மாதிரி இருக்கும். பெரிய ஆட்கள் சேர்ந்தார்கள், நல்ல கேம் செய்தார்கள், நன்றாக விற்றது. முட்டுக்கட்டையே இல்லாத கதை. ஒரே விதிவிலக்கு யசுனோரி மிட்சுடா. ஒலிப் பிரிவில் இருந்தவர், இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சகாகுச்சியிடம் சொல்லி இந்த வாய்ப்பைப் பெற்றார். இரவு பகல் பாராமல் உழைத்து, வயிற்றுப் புண்ணோடு மருத்துவமனையில் போய்ப் படுத்தார். மிச்சப் பாடல்களில் சிலவற்றை ஃபைனல் ஃபேன்டசி இசையமைப்பாளர் நோபுவோ உவெமாட்சு முடித்துக் கொடுத்தார். பத்தியை மிட்சுடாவைச் சுற்றி எழுதினால் பிழைக்கும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெரிய பெயர்களில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஃபைனல் ஃபேன்டசி 6 (1994 ஏப்ரல் 2) வேறு விதத்தில் சிக்கல். விளையாடக் கிடைக்கும் பாத்திரங்கள் 14. வில்லன் கெஃப்கா பாதிக் கதையிலேயே ஜெயித்து உலகத்தை நாசமாக்கிவிடுகிறான். நாம் இடிபாடுகளில் நடந்து சிதறிப்போனவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். இதுதான் அதன் உயிர். இதை முதற்பக்கத்தில் சொன்னால் இனி விளையாட நினைப்பவரின் சுவை போகும், சொல்லாவிட்டால் "மாயமும் இயந்திரமும் கலந்த உலகம்" என்ற சப்பை வரிதான் மிஞ்சும். போதாக்குறைக்கு எண் குழப்பம். தொடரின் 2, 3, 5ஆம் பாகங்கள் அப்போது அமெரிக்காவுக்குப் போகாததால் இது அங்கே 'ஃபைனல் ஃபேன்டசி 3' என்று விற்கப்பட்டது. ஆயிரம் எழுத்தில் இந்த விளக்கமே ஒரு துண்டைத் தின்றுவிடும். கட்டுரையாக ஆழமானதுதான், முன்னோட்டமாகச் சுருக்க வராது.

எர்த்பவுண்டை அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். எழுதியவர் விளம்பர வாசகங்களுக்குப் பேர்போன ஷிகேசாதோ இடோய். வாளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை, மந்திர மூலிகைக்குப் பதில் ஹாம்பர்கர், செலவுக்கு ஏடிஎம். அப்பா போனில் மட்டுமே பேசுவார், ஆட்டத்தைச் சேமித்து வைப்பதும் அவர்தான். நாலு வருடம் ஓடியும் வேலை முடியாமல் திணறியபோது ஹால் என்ற கேம் நிறுவனத்திலிருந்து சட்டோரு இவாட்டா வந்தார். இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு வருடம், முதலிலிருந்து தொடங்கினால் அரை வருடம் என்றார். முதலிலிருந்தே தொடங்கினார்கள். அதே இவாட்டா 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார்.

ஜப்பானில் 'மதர் 2' என்ற பெயரில் 1994 ஆகஸ்ட் 27 அன்று வந்து நன்றாகப் போனது. அமெரிக்காவில் 1995 ஜூன் 5. அங்கே "இந்த கேம் நாறுகிறது" என்று விளம்பரம் செய்தார்கள், சுரண்டினால் நாற்றமடிக்கும் அட்டைகளோடு! விற்றது ஏறத்தாழ 1,40,000 பிரதிகள். ஐரோப்பாவுக்கு 2013 வரை போகவே இல்லை. ஆனாலும் விட்டுவிடாத ரசிகர்கள் இருந்தார்கள். அந்த ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த டோபி ஃபாக்ஸ்தான் 2015இல் அண்டர்டேல் என்ற கேமை வெளியிட்டார்.

விளம்பரத்தால்தான் விற்கவில்லை என்று மட்டும் ஒரே போடாகப் போடக் கூடாது. கையேட்டோடு வந்த பெரிய பெட்டியின் விலை, அக்காலத்துக்கே எளிமையாகத் தெரிந்த படங்கள் இவையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. முதற்பக்கத்தில் ரசிகர் புராணம் ஏறினால் கட்டுரையின் மானமே போகும்.

படத்துக்கும் கவலையில்லை. விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இவாட்டா பேசும் படங்கள் விக்கிமீடியா பொதுவகத்தில் (கட்டற்ற படங்களின் சேமிப்பகம்) இருக்கின்றன. ஆகவே என் ஓட்டு எர்த்பவுண்டுக்கு. நாள்? விசித்திரமான ஆனால் உண்மையான கட்டுரைகளைப் போடும் ஏப்ரல் 1 ஆசை காட்டுகிறது, நாறும் விளம்பரம் அதற்கென்றே செய்தது போலிருக்கிறது. ஆனால் அன்று போட்டால் படிக்கிறவர் கேமையே கேலியாக எடுத்துக்கொள்வார். ஆகஸ்ட் 27ஐவிட ஜூன் 5 மேல். பத்தியில் பாதி அமெரிக்காவில் விலைபோகாத கதைதானே. குரோனோ டிரிகரை அடுத்த மார்ச் 11க்கு வைத்துக்கொள்ளலாம், மிட்சுடாவிலிருந்து தொடங்க யாராவது ஒப்புக்கொண்டால்.