40 ஜிபி பெட்டியோடு 18 வருஷம்

2006 சித்திரையில் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்த அத்தான், கைலிக்குள் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். செங்கோட்டையில் நான் ஸ்டூடியோ போட்டு அப்போது நாலு வருஷம். ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "மாப்ள, இதுல பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம், கார்டுல உள்ளதை அப்படியே எறக்கி வச்சிக்கிடலாம். இனி கல்யாண வீட்டுல கார்டு நெறஞ்சுட்டுன்னு முழிக்காண்டாம்" என்றார்.

அந்தப் பெட்டி இன்றைக்கும் ஓடுகிறது. பேட்டரி போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்கை ஒரு தடவை மாற்றியாகிவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. போர்ட்டபிள் மீடியா பிளேயர் என்ற அந்த வகையே கடைகளிலிருந்து மறைந்து பல வருஷம் ஆகிறது. அதனால் கம்பெனி பெயரை விட்டுவிட்டுப் பெட்டி என்றே எழுதுகிறேன்.

இப்போது கேமரா தூக்கும் தம்பிகளுக்கு இப்படி ஒரு சாமான் எதற்கு என்றே தோன்றும். அன்றைக்கு என் கேமரா 6 மெகாபிக்சல். நல்ல தரத்தில் ஒரு ஜேபெக் படம் சுமார் 3 எம்பி வரும். 1 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டில் 330 படம்தான் கொள்ளும். ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் 600, 700 படம் எடுப்பேன். இன்னொரு கார்டு வாங்கினால் ஒரு மாத ஸ்டூடியோ வாடகை அதிலேயே போய்விடும். லேப்டாப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மெமரி கார்டு அவ்வளவு விலை விற்ற காலத்தில் ஹார்ட் டிஸ்க் மலிவாக இருந்தது. அந்த டிஸ்க்கை ஒரு திரையோடும் கார்டு துளையோடும் பேட்டரியோடும் சேர்த்துக் கட்டியதுதான் இந்தப் பெட்டி. அட்டையில் 40 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால் 37.2 என்று காட்டும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் கணக்குக்கு 12,000 படம்.

2004 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐபாட் போட்டோ என்று ஒன்றை வெளியிட்டது. அதிலும் 40 ஜிபி, 60 ஜிபி இருந்தது. ஆனால் திரை 2 அங்குலம், 220-க்கு 176 புள்ளி. அது பாட்டுக் கேட்பவருக்காகச் செய்தது, படம் கொசுறு. என் பெட்டியின் திரை நாலு விரற்கடை அகலம், 640-க்கு 480 புள்ளி. ஏறக்குறைய எட்டு மடங்கு புள்ளி கூடுதல். கேமராவின் பின்பக்கத் திரையில் கூர்மையாகத் தெரிந்த படம், பெட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் இமை மங்கியிருப்பது தெரிந்துவிடும். மணமகளை இன்னொரு தடவை நிற்கச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்டாலும் இதில் உசத்தி டிஸ்க் அல்ல, திரைதான் என்பேன். அதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதாக இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் தொழில் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. தென்காசி, புளியரை, பகவதிபுரத்தில் பாதி, ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் பாதி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 2007 ஆவணியில் புனலூரில் ஒரு கல்யாணம். முதல் நாள் மீட்டர் கேஜ் ரயிலில் போய் இறங்கினேன். காலையில் கார்டு நிறைந்தது, 330 படம். பெட்டியில் செருகி காப்பி பட்டனை அழுத்தி, மண்டபத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஓடினேன். 1 ஜிபி இறங்க ஆறு நிமிஷம் ஆகும். திரும்பி வந்தபோது திரை இருட்டாக இருந்தது. காப்பி முடிந்தால் பெட்டி தானே தூங்கிவிடும், அந்த நினைப்பில் கார்டை உருவி கேமராவில் போட்டு ஃபார்மட் செய்துவிட்டேன். பெட்டி தூங்கவில்லை. சார்ஜ் தீர்ந்து நடுவிலேயே நின்றிருந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்தது நான்தான்.

சாயங்காலம் பிளக் பாயிண்ட் கிடைத்து, திறந்து பார்த்தபோது ஃபோல்டரில் 211 படம்தான் இருந்தது. கடைசிப் படம் மேல் பாதி மட்டும். அதற்குள் அதே கார்டில் புதிதாக 235 படம் எடுத்து முடித்திருந்தேன்.

மறுநாள் தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கார்டைக் கொடுத்தேன். அவர்தான் விஷயத்தை விளக்கினார். ஃபார்மட் செய்தால் படம் அழியாது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழியும். அதற்கு மேல் புதுப் படம் எழுதப்பட்ட இடம் மட்டும்தான் நிஜமாகப் போகும். கேமரா கார்டின் ஆரம்பத்திலிருந்து எழுதிக்கொண்டு போகும். ஆகவே புது 235 படம் பழைய முதல் 235 படத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதில் 210 ஏற்கெனவே பெட்டியில் முழுசாக இருந்தது. 236 முதல் 330 வரை மீட்பு சாஃப்ட்வேரில் வந்துவிட்டது. நடுவில் 24 படம் போயே போய்விட்டது.

அந்த 24-ம் தாய்மாமன் மாலை போட்டு, பட்டு வைத்து, பெண்ணை மேடைக்கு அழைத்து வந்த படங்கள். மற்ற எதுவும் போயிருந்தால் வேறு படத்தை வைத்து ஆல்பத்தை ஒப்பேற்றியிருக்கலாம். மாமன் முறைக்கு மாற்று இல்லை. நேரில் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன், அந்தப் பக்கத்துக்கான பணத்தைக் குறைத்துக்கொண்டேன். பெண்ணின் மாமா கோபப்படவில்லை. "தம்பி, நான் மருமவளுக்கு மாலை போட்டது ஒண்ணுகூட இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து கார்டை அழிக்குமுன் பெட்டியின் திரையில் மூன்று படம் பார்ப்பேன். முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம். சின்னச் சின்னதாகத் தெரிவதைப் பார்த்தால் போதாது, முழுசாகத் திறந்து பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கேமரா காட்டும் எண்ணிக்கையும் ஃபோல்டர் காட்டும் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பேன். ஒரு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு ஒரு படம்கூடத் தொலையவில்லை.

பாட்டு, வீடியோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. இயர்போனில் நன்றாகவே கேட்கும், ஸ்பீக்கர் தகர டப்பா. வீடியோவை அதற்கென்று எம்பெக்-4 ஆக மாற்ற என் பழைய கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடும், நாலு தடவை செய்துவிட்டு விட்டுவிட்டேன். தமிழில் பெயர் வைத்த பாட்டு எல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் மாற்றி அடித்தேன். என் தாய்மொழியை ஒரு சாமானுக்குப் படிக்கத் தெரியாமல் போனது அன்றைக்கும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் ஊரில் சாரல் காலம் எலக்ட்ரானிக் சாமானுக்கு ஆகாது. ஆனி, ஆடி முழுக்கக் காற்றிலேயே ஈரம். லென்ஸில் பூசணம் பிடிக்கும். பெட்டியை எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடி வைப்பேன், மேலே ஒரு ரப்பர் பேண்ட். ஓடுகிற பஸ்ஸில் காப்பி செய்வதும் இல்லை. உள்ளே தட்டு சுழலும், அதைப் படிக்கும் முனை அதன் மேல் முடியளவுகூட இடைவெளி இல்லாமல் மிதந்து போகும். கோட்டைவாசல் வளைவில் பஸ் குலுங்கும்போது அதை ஓடவிட எனக்குத் தைரியம் கிடையாது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, காப்பி முடியும்வரை கையை எடுக்காமல் இருப்பேன்.

பெட்டி தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது 2010 செப்டம்பரில். புனலூர், செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க நிறுத்தப்போகிறார்கள் என்று தேதி சொல்லிவிட்டார்கள். 1904-ல் போட்ட பாதை. தண்டவாள அகலம் 1000 மில்லிமீட்டர், இனி வரப்போவது 1676. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு மூன்று நாள் மலையிலேயே இருந்தேன். கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டிய பதின்மூன்று கண் பாலம், ஆரியங்காவுக் குகை, இடப்பாளையம், தென்மலை. கையில் இரண்டு கார்டு, ஒரு பெட்டி, கம்ப்யூட்டர் கிடையாது. 1,900 படம் எடுத்தேன். ஆரியங்காவு ஸ்டேஷனில் காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எட்டிப் பார்த்து, "சேட்டா, ஒன்னு நோக்கட்டே?" என்றான். கொடுத்தேன். அவனிடமிருந்து அவன் அம்மா, அம்மாவிடமிருந்து போர்ட்டர், அவரிடமிருந்து வடை விற்றவர் என்று அரை மணி நேரம் கைமாறியது. பாலத்தின் மேல் ரயில் போகும் படம் வந்ததும் எல்லோரும் ஒருமுறை நிறுத்தினார்கள். தினமும் அந்தப் பாலத்தின் மேல் போனவர்கள், கீழேயிருந்து அதைப் பார்த்ததில்லை.

வீட்டில் ஆச்சிக்கு டிவியில் போட்டுக் காட்ட மஞ்சள் ஒயரைச் செருகினேன். பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் வசதி அது. ஆச்சி டிவியைப் பார்க்கவில்லை. "எய்யா, அந்தச் சின்னப் பொட்டியக் கையில குடு" என்று வாங்கி, கண் ஆபரேஷன் ஆன பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் பிறந்த ஊர் இடமண் பக்கம். 1954-ல் கல்யாணமாகி அதே ரயிலில்தான் செங்கோட்டைக்கு வந்தவள். அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. குகைக்குள் கரிப்புகை வரும்போது மாமியார் முந்தானையால் தன் மூக்கைப் பொத்திவிட்டதை அன்றைக்குத்தான் சொன்னாள். வலது அம்புப் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தி 1,900 படத்தையும் நாலு நாளில் பார்த்து முடித்தாள். அந்தப் பட்டனில் இப்போது அம்பு இல்லை, மொழுக்கென்று இருக்கிறது.

குறைகளும் உண்டு. 2009-ல் 8 ஜிபி எஸ்டி கார்டு வாங்கிப் போட்டால் கார்டே இல்லை என்றது. 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் எஸ்டிஹெச்சி என்ற வேறு முறையில் இடத்தை எண்ணுகின்றன. அந்த முறை 2006-ல் வந்தது, அதற்கு முன் செய்த பெட்டிக்கு அது புரியாது. புதுக் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா படத்தையும் திறக்கத் தெரியாது, சேமிக்க மட்டும் செய்யும். என் பழக்கமே திறந்து பார்ப்பதில்தான் இருக்கிறது, ஆகவே ராவோடு ஜேபெக்கும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. 4 ஜிபி சிஎஃப் கார்டு இறங்க 25 நிமிஷம் ஆகி, மூன்று கோடு சார்ஜில் இரண்டைத் தின்றுவிடும்.

2012-ல் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அது சாவுச் சத்தம். வேறு இரண்டு இடத்தில் எல்லாமே இருந்ததால் பதறவில்லை. திருநெல்வேலியில் லேப்டாப் சர்வீஸ் கடையில் பழைய ஐடிஇ வகை டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள், அப்போதே சாட்டா என்ற புது வகை வந்து இந்த வகை அருகிவிட்டது. பெட்டிக்குப் புரிகிற ஃபேட்-32 என்ற முறையில் 32 ஜிபிக்கு மேல் ஃபார்மட் செய்ய அப்போது விண்டோஸ் சாதாரணமாக விடாது, பெட்டியின் மெனுவிலேயே செய்துகொண்டேன். பழைய ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். 2016-ல் பேட்டரி உப்பி மூடியைத் தள்ளியது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, நெருப்புப் பிடிக்கும். கழற்றி மண் நிரப்பிய வாளியில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்தேன். அதிலிருந்து அடாப்டரில் மட்டும்தான்.

பழைய சாமான் கடையில் இதைப் பார்த்தால் வாங்கலாமா என்று கேட்டால், வேலைக்கு வேண்டாம் என்பேன். இன்றைக்கு போனில் ஒரு கார்டு ரீடரும் சின்ன எஸ்எஸ்டியும் செருகினால் இதைவிடப் பல மடங்கு வேகமாக முடிந்துவிடும், திரையும் இன்னும் நல்ல திரை. கையில் ஏற்கெனவே இருந்தால் எறிய வேண்டாம். மாசம் ஒரு தடவை அடாப்டரில் போட்டு ஓடவிடுங்கள், சும்மா கிடந்தால் தட்டு இறுகிவிடும்.

போன மாசம் புனலூரிலிருந்து அந்த 2007 கல்யாணப் பெண் போன் செய்தாள். ஆல்பம் மழை ஈரத்தில் பூசணம் பிடித்துப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிவிட்டதாம், படங்கள் இருக்குமா அண்ணா என்றாள். பெட்டியை மாட்டினேன். 210 படம் ஒரு ஃபோல்டரில், மீட்ட 95 இன்னொன்றில், சாயங்காலம் எடுத்தது வேறொன்றில், எல்லாம் இருந்தது. பென் டிரைவில் ஏற்றும்போது 211-ஆவது படத்தை விட்டுவிடலாம் என்று நினைத்து, சொல்லிவிடுவோம் என்று அவளிடமே சொன்னேன். மேல் பாதியில் மாமாவின் முகமும் தூக்கிய மாலையும் இருக்கும், அவள் முகம் வரவேண்டிய இடத்திலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம். "அதையும் சேத்து அனுப்பிடுங்க அண்ணா, மாமா இங்கதான் உக்காந்துருக்காவ, கேக்காவ" என்றாள்.