கலங்கலுக்கு இறால், தெளிவுக்கு இறகு: ராமநாதபுரம் கடலில் எந்த இரை எப்போது?

மண்டபத்தில் தூண்டில் போடுகிறவருக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடக்கும். அக்டோபரில் வாடை என்னும் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். பாம்பன் கால்வாயில் நீவாடும், அதாவது நீரோட்டமும், அப்போது திசை மாறி, வடக்கிலிருந்து தெற்கே ஓடும். பாக் விரிகுடாவின் கலங்கல் தென்கடலுக்கு வருவது அந்த வழியாகத்தான். இதனால் ஒரே மாதத்தில், ஒரே ஊரில், ஒரு கரையில் தண்ணீர் தெளிவாகவும் மறு கரையில் தேநீர் நிறத்திலும் இருப்பதைப் பார்க்கலாம். இரையை எடுக்கும் முன் நான் பார்ப்பது காலண்டரை இல்லை, அந்த நிறத்தைத்தான்.

முதலில் கலங்கல். வாடை மழையில் வைகையின் மிச்ச நீர் கடலைத் தொடும் ஆற்றங்கரை முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். முழங்கால் ஆழத்தில் உங்கள் கால் விரல் தெரியாது. இந்தத் தண்ணீரில் வேட்டையாட வருவது காலா. வணிகத்தில் இதற்கு இந்தியன் சால்மன் என்று பெயர். ஆனால் குளிர் நாடுகளின் சால்மனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே மெல்லிய இழைகள் தொங்கும். சேற்றுத் தரையைத் தடவி இரை தேட அவை உதவுகின்றன. கண்ணின் மேல் பிசின் பூசியதுபோல ஒரு படலம் வேறு. கண்ணை அதிகம் நம்பாத மீனுக்கு எவ்வளவு அழகான பொய் இரையைக் காட்டி என்ன பயன்? பச்சை இறாலைத் தலையோடு, வாலிலிருந்து முள்ளில் ஏற்றி, நரம்பில் வழுக்கி ஓடும் ஈயக் குண்டோடு தரையில் உருளவிடுங்கள். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. அதே இடத்தில் இறகு கட்டிய பொய் இரையையும் மின்னும் உலோகத் தகட்டையும் பல மாலைகள் வீசிப் பார்த்திருக்கிறேன். கை வலித்ததுதான் மிச்சம். காலாவுக்குக் கூரான வெட்டுப் பல் இல்லை, சொரசொரப்பான வாய்தான். முள்ளுக்கு மேல் கம்பி கட்ட வேண்டாம், கொஞ்சம் தடித்த நரம்பு (தூண்டில் நைலான் இழை) போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலா முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரிதாக வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை பெண். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுப்பது நல்ல பழக்கம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது முட்டை வைத்திருக்கும் பெரிய காலாவையும் நீருக்கே திருப்பி அனுப்புகிறேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டால் கதை மாறுகிறது. வஞ்சிரம், ஊளி, பாரை, தோல்பாரை எல்லாம் கண்ணால் வேட்டையாடுபவை. இங்கேதான் இறகுக்கும் பிளாஸ்டிக் மீனுக்கும் நேரடிப் போட்டி. சேவலின் வெள்ளைக் கழுத்து இறகுகளை முள்ளின் தண்டில் சிவப்பு நூலால் சுற்றி, தலையில் ஒரு துளி ஈயம் வைத்தால் இறகு இரை தயார். நனைந்ததும் இறகு ஒடுங்கும், இழுத்து நிறுத்தும்போது விரியும். அந்த ஒடுக்கமும் விரிவும் நெத்திலி திரும்பும் அசைவை அப்படியே காட்டும். பிளாஸ்டிக் மீனுக்கு ஒரே ஆட்டம்தான். வேகத்தைக் குறைத்தால் அந்த ஆட்டமும் நின்றுவிடுகிறது.

ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் பிடிப்பவர்கள் இந்த இறகுக் கலையை நெடுங்காலமாக வளர்த்திருக்கிறார்கள். டே ஆற்றில் பருவம் ஜனவரி 15 அன்று திறக்கிறது. குளிர்ந்து, பெருகி, கலங்கி ஓடும் அந்தத் தண்ணீருக்கு இரண்டு மூன்று அங்குல நீளத்தில் பளிச்சென்ற இறகுக் கட்டு. கோடையில் ஆறு வற்றித் தெளியும்போது விரல் நகத்தளவுக் கட்டு, அதுவும் நான்கைந்து இழைகள் மட்டும். முட்டையிட ஆறேறும் சால்மன் இரை உண்பதில்லை. பசியில்லாத மீனை வாய் திறக்க வைப்பது அவர்கள் சவால். நம் மீன்களுக்குப் பசி இருக்கிறது. ஆகவே அவர்களைப்போல் கலங்கலில் பெரிய இறகைத் தேட வேண்டியதில்லை, இறால் இருக்கிறது. ஆனால் தெளிவு கூடக் கூடக் கட்டைச் சிறிதாக்கு என்ற கணக்கு இங்கேயும் அப்படியே பலிக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் இரு கடலும் அடங்கித் தெளியும்போது நான் ஒரு அங்குலத்துக்கு மேல் கட்டுவதில்லை.

பிளாஸ்டிக் மீனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமையும் உண்டு. உச்சி வெயிலில் வஞ்சிரம் கீழே இறங்கிவிடும். முகப்பில் தகடு வைத்த பிளாஸ்டிக் மீன் படகின் பின்னால் தானாகவே சில பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம் மூழ்கி ஓடும். இறகு மேலேயே மிதந்து வரும். நண்பகலில் நாட்டுப்படகில் இருந்தால் நான் பிளாஸ்டிக்கைத்தான் கட்டுவேன். ஆனால் அதோடு வரும் மும்முனை முட்களை முதலில் கழற்றுங்கள். நகரத்துக் கடை ஒன்றில் 800 ரூபாய்க்கு வாங்கியதன் முட்கள், முதல் நாளே ஒரு ஊளியின் இழுப்பில் நிமிர்ந்துவிட்டன. மீன் போனது, அதன் வாயையும் கிழித்துக்கொண்டு போனது. காசை விட அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒற்றை முள்ளாக மாற்றினால் பிடியும் உறுதி, சிறு மீனை விடுவிப்பதும் எளிது.

இறகு லேசானது, காற்றில் தூரம் போகாது என்பார்கள். எதிர்க்காற்றில் உண்மை. ஆனால் கச்சானில் அமைதியான கரை எது? வடகரை. அரியமானில் கடலைப் பார்த்து நின்றால் கச்சான் முதுகில் அடிக்கும், இறகைத் தானே தூக்கிக்கொண்டு போகும். காற்று பக்கவாட்டில் வீசும் நாளுக்கு மட்டும் வெள்ளித் தகடு. தூரம் போகும், வேகமாக இழுத்தால் தோல்பாரை பாயும். அதற்கு மேல் அதில் நுட்பம் இல்லை.

கணவாய்த் துண்டு எல்லாப் பருவத்துக்குமானது. தோல் உரியாமல் நீளவாக்கில் நறுக்கினால் சிறு மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டுப் போகாது. இறால் இரண்டு கொத்தில் காலியாகும் பாறைத் தரையில் விளைமீனுக்கும் களவாவுக்கும் இதுவே முதல் தேர்வு. பாறை என்றதும் தீவுகளை நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலும் கூடாது. தீவுப் பவளத்திட்டுகளில் வளரும் குஞ்சுகள்தான் பின்னாளில் நம் முள்ளுக்கு வருகின்றன.

வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் கம்பி கட்டாமல் தீராது, நரம்பைப் பல்லால் நறுக்கிவிடும். தெளிந்த தண்ணீரில் கம்பி மின்னும், மீன் விலகும். மெல்லிய கம்பியாக ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கட்டுகிறேன். அறுபட்டுப் போனாலும் இழப்பது ஒரு முள்ளும் நாலு இறகும்தான். அடுத்ததைப் படகிலேயே உட்கார்ந்து கட்டிவிடலாம்.